என் குரலில் ஒரு டொக்டரம்மா

என் குரலைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. உடுப்பிட்டியில் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் நான்தான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, யாராவது ஓய்வு பெறுகிற வைபவம், எல்லாவற்றுக்கும் மைக்கை என் கையில் தந்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். நான் தமிழ் ரீச்சர். வீட்டில் "வாறன், போறன்" என்று கதைக்கிறவள் மைக்கைக் கண்டதும் "அன்பார்ந்த பெரியோர்களே" என்று தொடங்கிவிடுவேன். கூட்டத்தில் யாராவது "என்ன வடிவான தமிழ்" என்று சொல்வது காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறே தேவையில்லை.

கொரோனா வந்து அந்த மைக்கைப் பறித்துக்கொண்டது. திருவிழாவை ஐயரும் நாலு பேருமாக முடித்தார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. எனக்கென்று மிஞ்சிய சபை கைபேசியில் இருந்த ஒரு குழு மட்டும்தான். அம்மாவின் பக்கத்துச் சொந்தக்காரர் எல்லாரும் அதில் இருந்தார்கள். இணுவிலில் இருக்கிற சின்னம்மாவும் இருந்தா. அவவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஊரடங்கில் சத்திரசிகிச்சையும் தள்ளிப் போய்விட்டது. குழுவில் வருகிற எழுத்து ஒன்றும் அவவுக்குத் தெரியாது. "பிள்ளை, உதை ஒருக்கா வாசிச்சு விடு" என்று கேட்பா. நான் வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவேன். மரண அறிவித்தல், ராசிபலன், லண்டனில் யாருடையோ பேரப்பிள்ளையின் அரங்கேற்றம் என்று வந்ததெல்லாம் வாசித்தேன். அதைக் கேட்டுவிட்டு சின்னம்மா, "றேடியோ கேட்ட மாதிரிக் கிடக்கு" என்று தானும் குரலில் பதில் போடுவா. அந்த ஒரு வரிக்காகவே நான் வாசித்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

தடுப்பூசி வரப்போகிறது என்ற கதை அடிபட்ட நேரம், கனடாவில் இருக்கிற மச்சாள் ஒரு நீண்ட எழுத்தைக் குழுவில் போட்டாள். யார் எழுதியது என்று அதில் இல்லை. பலபேர் கை மாறி வந்தது என்பதற்கான அடையாளம் மட்டும் மேலே இருந்தது. சீனி வருத்தம் உள்ளவர்கள் ஊசி போட்டால் இரத்தம் கட்டியாகிவிடும், சிறுநீரகம் பழுதாகும், ஆஸ்பத்திரிகள் இதை மறைக்கின்றன என்று போய்க்கொண்டிருந்தது. சின்னம்மா வழக்கம் போல வாசிக்கச் சொன்னா. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் குசினி வாசலில் நின்று, "அன்பான உறவுகளே, வணக்கம்" என்று தொடங்கி முழுவதையும் வாசித்தேன்.

வாசித்து முடித்தபோது முடிவு சப்பென்று இருந்தது. ஒரு அறிவித்தலைச் சும்மா முடிக்கத் தெரியாத வாய் இது. கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இது பொறுப்பு வாய்ந்த வைத்திய வட்டாரங்களிலிருந்து கிடைத்த தகவல். நீரிழிவு உள்ள உறவுகள் மிகுந்த அவதானத்துடன் இருக்கவும்" என்று சேர்த்தேன். அந்த இரண்டு வசனமும் மச்சாள் அனுப்பியதில் இல்லை. எந்த வைத்தியரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. வசனம் நன்றாக விழுந்தது, அவ்வளவுதான். அனுப்பிவிட்டுக் கறியை இறக்கப் போனேன்.

நீ அதை நம்பினாயா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? நம்பவில்லை. அது பொய் என்று யோசிக்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து ஆசிரியர்களுக்கு ஊசி என்று அறிவித்தல் வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நெல்லியடிக்குப் போய் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு வந்தேன். எனக்குப் பிறசர் இருக்கிறது என்றும் அங்கே இருந்த டொக்டரிடம் சொன்னேன், பயப்படத் தேவையில்லை என்றார். அந்த வரிசையில் நின்ற நேரம் முழுவதும் நான் அனுப்பிய குரல் பதிவு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றை வாசித்துவிட்டு எனக்கு வேறொன்றைச் செய்திருக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

ஊசி போட்டதை அக்காவுக்கும் அத்தானுக்கும் உடனே சொல்லியிருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் வளவு. அத்தானுக்கு அறுபது கடந்துவிட்டது, சீனி வருத்தமும் இருக்கிறது. அவருக்கு முந்தி நான் போட்டுக்கொண்டு வந்துவிட்டேனே என்று ஒரு கூச்சம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அத்தான் வெங்காயத் தோட்டக்காரர். எங்கள் அப்பா காலமான பிறகு என்னைப் படிப்பித்தவர் அவர்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆசிரியர் கலாசாலைக்கு நேர்முகத்துக்குப் போன அன்று என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், நான் வெளியே வரும் வரை வெயிலில் நின்றவர். கோயில் சபையில் சண்டை போட்டு, "எங்கடை பிள்ளையிட்டை மைக்கைக் குடுங்கோ, அவள் சொல்லுவள்" என்று முதன்முதல் என்னை அறிவிப்பாளராக்கியதும் அவர்தான். அவரிடமும் அக்காவிடமும் இருந்தது ஒரு பழைய பொத்தான் போன். குழு, குரல் பதிவு ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலை பேக்கரியிலிருந்து வருகிற பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. முகக்கவசத்தோடு நாலைந்து பெண்கள் நின்றோம். பாண்காரர் மீதிக் காசை எடுத்துக்கொண்டே, "இதைக் கேட்டனீங்களே? கொழும்பிலை வேலை செய்யிற டொக்டரம்மா ஒராள் பயந்து பயந்து வெளியிலை விட்டதாம்" என்று தன் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"அன்பான உறவுகளே, வணக்கம்" என்றது போன்.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை. பெருமை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் முகம் சுடுகிறது, ஆனால் அதுதான் உண்மை. எதிர்வீட்டு அக்கா பாணைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்பிடி ஆறுதலாய், விளக்கமாய்ச் சொல்லுறா பாருங்கோ. படிச்சவை எண்டால் உப்பிடித்தான்" என்றா. எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பிறகுதான் மற்றது விளங்கியது. என் குரலுக்கு யாரோ வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். நான் சேர்த்த அந்த இரண்டு வசனம்தான் கோட்டு.

"ரீச்சர், உங்கடை குரல் மாதிரிக் கிடக்கு" என்றாள் இன்னொருத்தி.

"என்ரை குரல் டொக்டர் குரல் எண்டால் நான் ஏன் இத்தனை வரியமாய் வெண்கட்டித் தூள் திண்டுகொண்டு நிக்கிறன்?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் முகக்கவசத்துக்குள் சிரித்தேன். அந்த நேரத்தில், "ஓம், அது நான்தான், வந்ததை வாசிச்சனான், ஒரு டொக்டரும் சொல்லேல்லை" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு கிழமை பகிடி பண்ணியிருப்பார்கள். அதற்குப் பயந்தேன். வாங்கிய பாணை மார்போடு அணைத்துக்கொண்டு படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சின்னம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவ கோயில் சிநேகிதி ஒருத்திக்கு அனுப்பினாவாம். "பிள்ளை, உன்ரை குரல் இப்ப ஊரெல்லாம் போகுது" என்று சந்தோஷப்பட்டா. அது என் குரல் என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். பொய்த் தகவல் பரப்பினவர்களைப் பொலிஸ் பிடிக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். அரசாங்க உத்தியோகம் வேறு. குழுவில் இருந்த பதிவை அழித்தேன். என் போனில் இருந்ததுதான் அழிந்தது. சின்னம்மாவுக்குச் சீனி இல்லை. அவ ஒரு பயமும் இல்லாமல் தன் முறை வந்த அன்றே போய்ப் போட்டுக்கொண்டு வந்தா.

அடுத்த கிழமை விதானையார் படலையில் வந்து நின்றார். எங்கள் கிராம சேவகரை ஊரில் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வோம்.

"ரீச்சர், வாற செவ்வாய்க்கிழமை எங்கடை பிரிவுக்கு ஊசி. அறுபதுக்கு மேற்பட்டவை எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு எடுக்க வேணும். ஓட்டோவிலை ஸ்பீக்கர் கட்டியாச்சு. நீங்கள் ரண்டு வசனம் சொல்லித் தாருங்கோ. உங்கடை குரலுக்குச் சனம் வரும்."

நான் படலையின் கொண்டியைப் போட்டுப் போட்டு எடுத்தேன்.

"ஆரோ ஒரு டொக்டரம்மாவின்ரை கதையைக் கேட்டுப்போட்டுச் சீனிக்காரர் எல்லாம் பின்னடிக்கினம். அந்த மனிசி மட்டும் என்ரை கையிலை அம்பிடட்டும், இருக்கு அவவுக்கு" என்றார்.

இதைவிட நல்ல வழி ஒன்று எனக்கு வந்திருக்காது. எந்தக் குரல் கெடுத்ததோ அதே குரலால் திருத்தியிருக்கலாம். பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை. ஆனால் என் மூளை வேறு கணக்குப் போட்டது. ஒலிபெருக்கியில் என் அறிவிப்புத் தமிழ் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனால், கையில் அந்தப் பதிவை வைத்திருக்கிறவர்கள் இரண்டையும் ஒப்பிட எவ்வளவு நேரம் எடுக்கும்?

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றேன்.

விதானையார் மூன்றடி பின்னுக்குப் போனார். "இருமலும் இருக்கோ? பி.சி.ஆர் எடுப்பிக்கவோ?" என்று தூரத்தில் நின்று கேட்டார். ஒன்லைன் வகுப்பில் கத்தியதால் வந்தது என்று சமாளித்து அனுப்பினேன். கடைசியில் மைக்கை அவரே பிடித்தார். பாவம், அவருக்கு மைக்கில் கதைக்க வராது. "பொதுமக்களே, ஊசியானது, ஊசியானது" என்று திக்கித் திக்கி எங்கள் வேலியோரமாகப் போனார். நான் யன்னலைச் சாத்திவிட்டு இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா அத்தானுக்கு வெள்ளை வேட்டியும் சேட்டும் எடுத்து வைத்திருந்ததை வேலிக்கு மேலால் கண்டேன். அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மனிசன் பழைய சாரத்தோடு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டப் பக்கம் போகிறார். பின்னால் ஓடினேன்.

"அத்தான், இண்டைக்கு ஊசி எல்லோ? நீங்கள் போகேல்லையோ?"

"போறவை போகட்டும் பிள்ளை. எனக்குச் சீனி. எனக்கு அது சரிவராதாம்."

"ஆர் சொன்னது?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆரோ டொக்டரம்மாவாம்" என்று சொல்லிச் சிரித்தார். பாண்காரர் போட்டுக் காட்டினாராம்.

அந்த வரப்பில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பாண்காரர் இல்லை, எதிர்வீட்டு அக்கா இல்லை, பொலிஸ் இல்லை. "அது நான், அத்தான்" என்று மூன்று சொல் சொன்னால் காணும். வாய் வரைக்கும் வந்தது. என்னை மேடையில் ஏற்றிவிட்ட மனிசனிடம், அந்த மேடைப் பேச்சுத்தான் இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அந்த டொக்டரம்மாவை நம்பாதேங்கோ, நான் போட்டிட்டன்" என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்பார். "வெங்காயத்துக்குத் தண்ணி விடுற நாளோ?" என்று கேட்டேன். ஓம் என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் நானும் மறக்கத் தொடங்கினேன். இடையில் என் இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் அத்தானுக்குக் காய்ச்சல், அடுத்த நாள் இருமல், நாலாம் நாள் கட்டிலிலிருந்து எழும்பி நிற்க முடியாமல் மூச்சு வாங்கியது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அக்காவைக் கூட ஏற விடவில்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து இரண்டு வளவையும் தனிமைப்படுத்தி, படலையில் காகிதம் ஒட்டினார். ஒட்டிக்கொண்டே, "ஐயா ஏன் ஊசி போடேல்லை?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் கேட்டார்.

"என்ன செய்யிறது, வாற கதையெல்லாத்தையும் நம்புற சனம்" என்றேன்.

நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று யோசித்தால் வாசித்ததும் இல்லை, மறைத்ததும் இல்லை, இந்த வசனம்தான் என்று தோன்றுகிறது. ஒரு படித்த பெண்ணின் பெருமூச்சோடு அதைச் சொன்னேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அத்தான் மூன்று கிழமை ஒட்சிசனில் இருந்தார். ஒவ்வொரு நாளும் அக்கா வேலியடியில் வந்து நின்று, ஆஸ்பத்திரியிலிருந்து தாதி சொன்னதைச் சொல்லி அழுவா. பக்கத்துக் கட்டில்காரர் போய்விட்டாராம், இன்றைக்கு ஒரு வாய் கஞ்சி குடித்தாராம். நான் இந்தப் பக்கம் நின்று ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்லவும் எனக்கு நல்ல குரல்.

ஆள் தப்பி வந்தார். ஆனால் போன மனிசன் வரவில்லை. சுவாசப்பை தடித்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். கிணற்றடி வரை நடந்தால் மூச்சு வாங்கும். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கம் கொடுத்த ஒட்சிசன் மெசினைக் கட்டிலடியில் வைத்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு சாய்மனைக் கதிரையில் இருப்பார். தோட்டத்தை வேறொருவர் செய்கிறார். தன் வெங்காயத்தை அடுத்தவர் கிண்டுவதை அவர் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தார்.

நான் தினமும் போய் வந்தேன். இன்றைக்குச் சொல்வேன், நாளைக்குச் சொல்வேன் என்று பல நாள் போனது. ஒரு நாள் பின்னேரம் அக்கா கோயிலுக்குப் போயிருந்தா. நான் ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தேன்.

"அத்தான், உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். அந்த டொக்டரம்மா..."

"தெரியும் பிள்ளை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் மூச்சை எடுத்து எடுத்துக் கதைத்தார். "உன்ரை குரல் எனக்குத் தெரியாதே? பாண்காரன் டொக்டர் எண்டான். நான் சிரிச்சுப்போட்டு வந்திட்டன். டொக்டர் சொல்லியிருந்தால் நான் ஏன் கேக்கிறன்? நீ சொன்னாய் எண்டுதான் போகாமல் விட்டனான்."

பாண்காரர் போட்டுக் காட்டிய அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்ரை அக்காவுக்கும் சொல்லேல்லை. அரசாங்க உத்தியோகம், வெளியிலை தெரிஞ்சால் உனக்குத்தானே பிழை. அண்டைக்கு வரப்பிலை நீ ஆர் சொன்னது எண்டு கேக்கேக்குள்ள நினைச்சன், கெட்டிக்காரி, என்னட்டையும் மறைக்கிறாள் எண்டு."

அழத் தொடங்கினேன். தானும் ஊசிக்குப் பயந்துபோய்ச் சொன்ன பிள்ளை அழுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கையை நீட்டி என் முழங்காலில் தட்டினார். "அழாதை. நீ எங்கடை நன்மைக்குத்தானே சொன்னனீ. உனக்கும் ஆரோ பிழையாய்ச் சொல்லிப்போட்டினம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் குழாயைச் சரிசெய்துகொண்டு இருந்துவிட்டு என்னை வடிவாகப் பார்த்தார்.

"எனக்கு இப்ப உன்ரை யோசினைதான். நீயும் இன்னும் போடாமல் இருக்கிறாய். உனக்குப் பிறசரும் கிடக்கு. எனக்கு வந்தது உனக்கு வரக்கூடாது. போய்ப் போடு பிள்ளை. பயப்பிடாதை."

இரண்டு ஊசியும் போட்டு முடித்தவள் நான். அதை அப்போது சொல்லியிருந்தால், அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஒன்றையும் நான் பிடுங்கியிருப்பேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வை மாறிவிடும் என்று பயந்தேன், வேறொன்றுமில்லை.

"ஓம் அத்தான், போடுறன்" என்றேன்.

அதற்குப் பிறகு பார்க்கும் போதெல்லாம் அதையே கேட்டார். நாள் எப்போது, எந்தப் பள்ளிக்கூடத்தில், தனியாகவா போகிறாய் என்று ஒரே விசாரணை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, பொறுக்க முடியாமல், "போட்டிட்டன் அத்தான், நேற்று" என்றேன்.

அவர் முகம் எவ்வளவு மலர்ந்தது என்று சொல்ல மாட்டேன். "நல்லது, நல்லது" என்றார். "கை நோகுதோ?"

"கொஞ்சம் நோகுது" என்று இடக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அக்காவைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு நோவுக்கு ஒரு குளிசையும் தண்ணியும் கொண்டுவா என்றார். அக்கா கொண்டுவந்து தந்தா. அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் அதை விழுங்கினேன்.